பாட்டுப் பெட்டி: கேள்வி பதில்

கருங்கல் பக்கத்துலேர்ந்து ஒரு தங்கச்சி: சர்ச் கொயர்ல கீபோர்டு வாசிக்கேன் அண்ணே, பாட்டும் எழுதுவேன். எனக்க குரலு கொஞ்சம் கரகரன்னு இருக்கும், அதனால எழுதுனத வேற ஆளுக்குத்தான் குடுப்பேன். சித்தப்பா அமெரிக்கப் பாடகி கேரல் கிங்குக்க 'டேப்பெஸ்ட்ரி' ஆல்பத்த கேளுன்னு அனுப்பினாங்க. நல்லாத்தான் இருக்கு, ஆனா குரல் அப்படி ஒண்ணும் பெருசா இல்லியே, பின்ன எதுக்கு இவ்ளோ கொண்டாடுகாங்க?

பதில்: சித்தப்பா ஆளு பாத்துத்தான் அனுப்பியிருக்காங்க மக்களே. கேரல் கிங்கும் ரொம்ப வருஷம் உன்ன மாதிரிதான், மெட்டு போடுறது அவங்க, பாடுறது வேற ஆளு. 1960-ல அப்பம் வீட்டுக்காரரா இருந்த ஜெரி கோஃபின் வரி எழுத இவங்க மெட்டு போட்ட 'வில் யூ லவ் மீ டுமாரோ'வ ஷிரெல்ஸ் குரூப் பாடி பெரிய ஹிட், அப்பம் இவங்களுக்கு வயசு 18. 1967-ல 'நேச்சுரல் வுமன்' பெரிய பாடகி அரேத்தா ஃப்ராங்க்ளினுக்குப் போச்சு. அரேத்தா பாடுன பாட்ட தொடுகதுக்கே ஒரு தைரியம் வேணும், இவங்க 1971-ல 'டேப்பெஸ்ட்ரி'யில பியானோவும் பேஸும் வச்சு, டிரம்ஸே இல்லாம, பக்கத்துல இருக்க ஆளுகிட்ட பேசுக மாதிரி பாடிட்டாங்க.

'வில் யூ லவ் மீ டுமாரோ'வ ரெண்டு விதமும் அடுத்தடுத்து போட்டுக் கேளு. ஷிரெல்ஸ் பாடுனது துள்ளலா வயலின் எல்லாம் வச்சு ஓடும், இதுல மெட்டு அப்படியே மெதுவாயிடும், பின்னாடி பாடகர் ஜேம்ஸ் டெய்லரும் பாடகி ஜோனி மிட்செலும் சன்னமா சேந்து பாடுவாங்க. நாளைக்கும் என்ன நேசிப்பியான்னு சின்னப்பிள்ள கேக்குகது வேற, கல்யாணம் ஒண்ணு முறிஞ்சு ரெண்டு பிள்ளைக்கு அம்மாவான பொறவு கேக்குகது வேற இல்லியா, எனக்கு அந்த எடத்துல இப்பமும் நெஞ்சு அடைக்கும்.

அதுக்கு முன்ன மத்த பாடகர்களுக்குக் காட்டுகதுக்கு இவங்களே பியானோவுல இருந்து பாடி டெமோ போடுவாங்க, தயாரிப்பாளர் லூ ஆட்லர் அந்த டெமோ சத்தம் ஆல்பத்துலயும் வரணும்னு பாத்துக்கிட்டாரு. குரல மினுக்கவே இல்ல. அமெரிக்காவுக்க பில்போர்டு ஆல்பம் பட்டியல்ல 15 வாரம் முதல் எடம், நாலு கிராமி, எல்லாம் அந்தக் குரல வச்சுத்தான். 'சோ ஃபார் அவே' கேளு, கடைசியில ஒரு புல்லாங்குழல் வரும், கல்ஃப்ல ஆள விட்டுட்டு இருக்க நம்மூரு வீட்டுக்காரங்களுக்கு அது நல்லாவே புரியும்.

நீயும் கொயர்ல சொல்லிக் குடுக்கும்போ முதல்ல நீதான பாடிக் காட்டுவ? சுருதிய கொஞ்சம் எறக்கி வச்சு பாடி, போன்ல ரெக்கார்டு பண்ணி கொயர் மாஸ்டருக்கு குடு. பெறவு யாரு பாடணும்னு அவரு சொல்லட்டும்.

குளச்சல்லேர்ந்து ஒரு தம்பி: 'யூ ஹேவ் காட் எ ஃப்ரெண்ட்' ஜேம்ஸ் டெய்லர் பாட்டுன்னு நானும், கேரல் கிங் பாட்டுன்னு கூட்டுக்காரனும் சண்டை. யாரு சரி?

பதில்: எழுதுனது கேரல் கிங், 'டேப்பெஸ்ட்ரி'யில பாடியிருக்காங்க. அதே 1971-ல ஜேம்ஸ் டெய்லரும் பாடி, அது அமெரிக்காவுல முதல் எடம் புடிச்சுது. அந்தப் பாட்டுக்கு ரெண்டு பேருக்கும் கிராமி உண்டு, அவங்களுக்கு எழுதுனதுக்கு, அவருக்கு பாடுனதுக்கு. இவ்ளோ நல்ல பாட்டுக்கு சண்டை எதுக்கு, ரெண்டு பேரும் சேந்து இருந்து ரெண்டையும் கேளுங்க.