குடிக்காதவருக்கு ஈரலில் கொழுப்பு ஏன்?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. குடிப்பழக்கமே கிடையாது. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, இரண்டாம் கிரேடு என்று வந்திருக்கிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை 118. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா, டாக்டர்?
– ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: உண்டம்மா, நெருங்கிய சம்பந்தம். நாம் தூங்கும்போது ரத்தத்துக்குச் சர்க்கரை அனுப்புவது கல்லீரல்தான். 'போதும், நிறுத்து' என்று அதற்குச் சொல்வது இன்சுலின். கொழுப்பு படிந்த ஈரல் அந்தப் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. அதனால்தான் ராத்திரி இரண்டே சப்பாத்தி சாப்பிட்டவருக்கும் காலையில் 118 காட்டுகிறது. 100 முதல் 125 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். இன்னும் திரும்பி வர வழி இருக்கிறது.

மாட்டுங்காவில் என்னிடம் வருகிறவர்கள் பலர் எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் ரத்தப் பரிசோதனை நார்மல் என்ற தாளை நீட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். நான் உட்காரச் சொல்வேன். அது நார்மலாக இருந்தும் ஈரலில் தழும்பு விழுந்திருக்கலாம். ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

எடை 80 கிலோ என்றால் 6 முதல் 8 கிலோ நிதானமாகக் குறையட்டும். ஈரலுக்கு அதைவிட நல்ல மருந்தை நான் எழுதித் தந்ததில்லை. ஸ்டேஷனில் இறங்கியதும் வடாபாவ், சர்க்கரை போட்ட கட்டிங் டீ என்ற பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். பழச்சாறும் வேண்டாம், பழமாகவே சாப்பிடட்டும்.