இனிஷியல் சொன்னால் ஆள் தெரியும்

சென்னை ராணி மேரி கல்லூரியில் 1983 முதல் 86 வரை தாவரவியல் படித்த நாங்கள், 40 வருஷம் கழித்து ஒரு சனி, ஞாயிறு கூடியதைப் பற்றிப் போன இதழில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். செடி வளர்ப்புக் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வகுப்பில் 36 பேர். வாட்ஸ்அப்பில் 14 பேர்தான் சேர்ந்திருக்கிறோம். மற்றவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?
(மதுரை வாசகி)

ஆண்கள் கல்லூரிக்காரர்களுக்கு இந்தச் சிரமம் இவ்வளவு இல்லை. நம் பெயருக்கு முன்னால் இருந்த அப்பாவின் எழுத்து கல்யாணத்தோடு போய், வீட்டுக்காரரின் எழுத்து வந்துவிடுகிறது. எங்கள் வகுப்பில் மூன்று விஜயலட்சுமி. எஸ். விஜயலட்சுமி, ஆர். விஜயலட்சுமி, டி.கே. விஜயலட்சுமி என்றால் எனக்கு மூன்று முகமும் தனித்தனியாகக் கண்முன் வரும். இன்று மூன்று பேருக்கும் வேறு இனிஷியல். ஃபேஸ்புக்கில் தேடி என்ன கிடைக்கும்?

ஆட்டோகிராப் நோட்டை எடுங்கள். அதில் எல்லாரும் வீட்டு முகவரி எழுதியிருப்பார்கள். அது பிறந்த வீடு. அண்ணனோ தம்பியோ இன்னும் அங்கே இருக்க வாய்ப்பு உண்டு. ஒரு கார்டு போடுங்கள், பக்கமாக இருந்தால் நேரில் போங்கள். எங்களுக்கு ஒன்பது பேர் அப்படித்தான் கிடைத்தார்கள். பழைய கல்யாணப் பத்திரிகை பத்திரமாக இருந்தால் இன்னும் நல்லது, மாப்பிள்ளையின் ஊர், பெயர் எல்லாம் அதில் இருக்கும்.

ஒன்றுக்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். நான் போன் செய்த ஒரு தோழியின் வீட்டில் அவள் கணவர் எடுத்தார். "அவ போய் மூணு வருஷம் ஆச்சும்மா" என்றார். எனக்கு வார்த்தை வரவில்லை. அவரே கொஞ்ச நேரம் கழித்து, "காலேஜ்ல எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா? கல்யாணத்துக்கு முந்தின போட்டோ ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல" என்று கேட்டார். வகுப்புப் படத்திலிருந்து அவள் முகத்தை மட்டும் பெரிதாக்கி, பிரேம் போட்டு அனுப்பினேன். கிடைத்ததும் போன் செய்தார். ரெட்டைப் பின்னலில் அவளை அவர் பார்த்ததே இல்லையாம்.

ராணி மேரி கல்லூரியையே இடிக்கப் பார்த்தார்களாமே, உண்மையா?
(கல்லூரி மாணவி, சென்னை)

உண்மைதான். 2003இல் அந்த இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு அறிவித்தது. மாணவிகள் வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. நான் அப்போது வெளியூரில் ஆசிரியை. காலையில் பேப்பரைப் பிரித்ததும் முதலில் அந்தச் செய்தியைத்தான் தேடுவேன்.

1914இல் தொடங்கிய கல்லூரி அம்மா அது, சென்னையில் பெண்களுக்கென்று வந்த முதல் கல்லூரி. கரும்பு ஆராய்ச்சி செய்த ஜானகி அம்மாள் படித்த இடம். அவர் 1984 பிப்ரவரியில் காலமானபோது நான் முதல் வருஷம். எங்கள் மேடம் பாடம் நடத்தாமல் அந்த ஒரு மணி நேரமும் அவரைப் பற்றியே பேசினார். அதுவரை எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. நாங்கள் படித்த காலத்தில் இருந்த கேப்பர் ஹவுஸ் என்கிற பழைய கட்டடம் இன்று இல்லை. அந்த இடத்தில் புதுக் கட்டடம் நிற்பதைப் பார்த்து எங்களில் நாலைந்து பேர் அழுதுவிட்டோம்.

கூடலுக்குக் கூப்பிடுகிறார்கள். வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குத்தான் தயக்கம். டாக்டர், மேனேஜர், அமெரிக்கா என்று ஆளாளுக்கு உயர்ந்திருக்கிறார்கள். நான் டிகிரி வாங்கிய கையோடு அடுப்படிக்குப் போனவள். போய் என்ன பேசுவேன்?
(திருத்துறைப்பூண்டி வாசகி)

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். எங்கள் கூட்டத்திலும் இதையே சொல்லி வர மறுத்தவள் ஒருத்தி இருந்தாள். ஆர். விஜயலட்சுமிதான், எங்களுக்கு விஜயா. நானும் இன்னொருத்தியும் போய்க் கையோடு அழைத்து வந்தோம்.

சனிக்கிழமை காலை, முதல்வரிடம் அனுமதி வாங்கி எங்கள் லேபுக்குப் போனோம். போகிற வழியில் சுவர் ஓரமாக மூக்கிரட்டை படர்ந்திருந்தது. தாவரவியல் படித்தவர்களுக்கு அதை மறக்க முடியாது. அதன் தண்டைக் குறுக்கே மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் காட்டச் சொல்வார்கள். பிராக்டிகல் பரீட்சைக்கு வந்தால் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். விஜயா குனிந்து ஒரு தண்டை ஒடித்துக்கொண்டாள்.

லேபில் மூன்றாம் வருஷப் பெண்கள் சிலர் இருந்தார்கள். அவர்களிடம் பிளேடு வாங்கினாள். தண்டை இடது கை விரல்களுக்கு நடுவே நிறுத்தி, பிளேடைத் தண்ணீரில் நனைத்து, தன் பக்கமாக இழுத்தாள். ஏழெட்டுத் துண்டு வாட்ச் கிளாஸ் என்கிற சின்னக் கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதந்தன. அதில் கண்ணுக்கே தெரியாத மாதிரி இருந்த ஒன்றைப் பிரஷ்ஷால் எடுத்து, சாஃப்ரனின் என்கிற சிவப்புச் சாயம் போட்டு, கழுவி, ஒரு சொட்டு கிளிசரின் விட்டு, கவர் ஸ்லிப்பை ஊசியால் தாங்கி மெதுவாக இறக்கினாள். ஒரு குமிழி இல்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நடுவில் இரண்டு பெரிய வாஸ்குலார் கற்றைகள் (நீரும் உணவும் போகிற குழாய்கள்), சுற்றிலும் வளையம் வளையமாகச் சின்னக் கற்றைகள், பாடப் புத்தகத்துப் படம் அப்படியே.

அந்தப் பெண்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஒருத்தி, "எப்படி மேடம் இவ்ளோ தின்னா வருது?" என்றாள். "தினமும் பீன்ஸ் நறுக்கறேனேம்மா, கை மறக்கல" என்றாள் விஜயா. யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் இன்னொரு தண்டை நீட்டி, "எனக்குப் பிடிச்சுக் காட்டுங்க" என்றாள். மதியச் சாப்பாட்டுக்கு விஜயாவை அங்கிருந்து கிளப்புவதே எங்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

ராத்திரி திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜில் தங்கினோம். ஐந்து பேர் அறையில் பத்துப் பேர். விடிய விடியப் பேச்சு. யார் என்ன வேலை பார்த்தாள் என்பது அரை மணி நேரத்தில் தீர்ந்துபோனது. அப்புறம் முழங்கால் வலி, கருப்பை எடுத்தது, மாமியாரைப் பத்து வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தது, பேசாமல் போன மகன் என்று ஓடியது. அந்தப் பேச்சில் மேனேஜருக்குத் தெரியாதது எத்தனையோ விஜயாவுக்குத் தெரிந்திருந்தது. போங்கள் அம்மா. ஒரு நாள் மட்டும் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள், ராத்திரி தங்குங்கள்.

கூடல் செலவு போக 60,000 ரூபாய் மீதம். கல்லூரிக்கு வாசல் வளைவு கட்டித் தரலாம் என்கிறார்கள். உங்கள் கருத்து?
(கோவை வாசகி)

வளைவு வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, நல்ல விஷயம். ஆனாலும் பஸ், விடுதிச் சாப்பாடு, கல்விச் சுற்றுலா என்று வரும்போது அது போதாது. சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியாமல், உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பின்தங்கும் பெண் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. நானே அப்படிச் சொன்னவள். 1985இல் எங்கள் வகுப்பு ஊட்டிக்குப் போனபோது நான் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன்.

துறைத் தலைவரிடம் பேசுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு என்று பணத்தைத் துறையிலேயே வைக்கச் சொல்லுங்கள். வாங்கும் பெண்ணின் பெயர் பலகையிலோ மேடையிலோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் சேர்த்த பணத்தை அப்படித்தான் கொடுத்தோம். இந்த வருஷம் நாலு பேர் ஊட்டிக்குப் போகிறார்கள்.