வாரண்ட் இல்லாமல் வந்த சோதனை

கேள்வி: பல்லடம் பக்கம் விசைத்தறிக்கூடம் நடத்துகிறேன். திருட்டு நூல் வழக்கு என்று சொல்லி, தலைமைக் காவலர் ஒருவர் இரு காவலர்களுடன் வந்து குடோனைச் சோதித்து, நூல் மூட்டைகளையும் கணக்கு நோட்டையும் எடுத்துப் போனார். வாரண்ட் கேட்டதற்கு, ‘அதெல்லாம் வேண்டாமுங்க’ என்றார். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டார், நான் போடவில்லை. இது முறைதானா?

பதில்: வாரண்ட் வேண்டாம் என்று அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம், வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டது எவ்வகையிலும் சரியல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, புலனாய்வுக்குத் தேவையான பொருள் ஓரிடத்தில் இருப்பதாகவும், வேறு வழியில் அதைப் பெற முயன்றால் மிகுந்த தாமதம் ஆகும் என்றும் நம்புவதற்குத் தக்க காரணம் இருந்தால், நிலையப் பொறுப்பு அதிகாரியோ புலனாய்வு அதிகாரியோ வாரண்ட் இன்றியே சோதனையிடலாம். ஆனால் அந்தக் காரணத்தையும், இயன்றவரை தேடப்படும் பொருள் இன்னது என்பதையும், முன்னதாகவே வழக்கு நாட்குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். ஏதாவது அகப்படுமா என்று துழாவிப் பார்க்க இப்பிரிவு இடம் தரவில்லை.

வந்தவர் புலனாய்வு அதிகாரி அல்லர் என்றால், இடத்தையும் பொருளையும் குறிப்பிட்டு மேலதிகாரி கொடுத்த எழுத்துமூல உத்தரவு அவர் கையில் இருந்திருக்க வேண்டும். தாங்கள் வாரண்டைக் கேட்டதைவிட இதைக் கேட்டிருந்தால் பயன் கூடுதலாக இருந்திருக்கும். திருட்டுப் பொருள் என்று ஐயுறும் நூலைக் கைப்பற்ற 106ஆம் பிரிவு தனியே அதிகாரம் தருகிறது; கணக்கு நோட்டை எடுத்ததற்குத்தான் அவர்கள் காரணம் காட்ட வேண்டும்.

அக்கம்பக்கத்தைச் சேர்ந்த, வழக்கில் தொடர்பில்லாத இருவரேனும் சாட்சியாக இருக்க, சோதனை முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். தாங்கள் உடனிருக்க உரிமை உண்டு. எடுத்த பொருள்களின் பட்டியல், அதாவது மகஜர், சாட்சிகளின் கையெழுத்துடன் தங்களுக்குக் கொடுக்கப்பட வேண்டும். சோதனைக்கான காரணத்தை எழுதிய நாட்குறிப்புப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவருக்குப் போயாக வேண்டும். தாங்கள் விண்ணப்பித்தால் நடுவர் அதை இலவசமாகவே வழங்குவார்.

இவற்றில் ஒன்று தவறினாலே வழக்கு உடைந்துவிடும் என்று சிலர் தைரியம் சொல்வார்கள்; நம்ப வேண்டாம். சோதனை முறைகேடானது என்பதால் மட்டும் கிடைத்த சான்று செல்லாததாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1974இலேயே பூரன்மல் வழக்கில் கூறிவிட்டது. ஆகவே அந்த நகலுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். நூல் வாங்கிய ஜி.எஸ்.டி. பில்களைத் திரட்டிக்கொண்டு, 503ஆம் பிரிவின்கீழ் மூட்டைகளைத் திரும்பக் கேட்டு வழக்கறிஞர் மூலம் அதே நடுவரிடம் மனுச் செய்யுங்கள்.