தோட்டத்துச் சாளைக்கு எந்தத் துப்பாக்கி?

கேள்வி: காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் நான், மனைவி, 76 வயது அப்பா மூவரும் இருக்கிறோம். பக்கத்து வீடு அரை கிலோமீட்டர் தள்ளி. பல்லடம், சிவகிரி சம்பவங்களுக்குப் பிறகு மனைவி சரியாகத் தூங்குவதே இல்லை. 80,000 ரூபாய்க்குள் ஒரு ரைஃபிள் வாங்கி, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), சைலன்சர் மாட்டி வைத்துக்கொள்ளலாமா? தெரிந்தவர் ஒருவர் லைசென்ஸ் இல்லாமலே நாட்டுத் துப்பாக்கி 15,000 ரூபாய்க்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அப்பாவிடம் லைசென்ஸோடு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி உண்டு. போன தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்தது, இன்னும் திருப்பி எடுக்கவில்லை.

பதில்: உங்கள் மனைவியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே ஒரே குடும்பத்தில் மூன்று பேர், 2025-இல் சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதி கொல்லப்பட்டார்கள். இரண்டும் உங்களுடையதைப் போன்ற தோட்டத்து வீடுகள்தான்.

முதலில் அந்த 15,000 ரூபாய்ப் பேச்சை இன்றே முடித்துவிடுங்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கு 2019-இல் வந்த திருத்தத்தின்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. திருடன் வரவே வேண்டாம்; யாராவது ஒருவர் மொட்டைக் கடுதாசி போட்டால் போதும். உங்களைக் காப்பாற்ற வாங்கியது உங்களையே உள்ளே தள்ளும்.

அடுத்து ரைஃபிள். கையில் காசிருந்தாலும் நான் அதைச் சொல்ல மாட்டேன். ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு இரண்டு வழி வைத்திருக்கிறது. 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்பக்கம் வழவழப்பான குழல் உள்ள துப்பாக்கியைப் பாதுகாப்புக்காகக் கேட்டால், மறுக்கச் சட்டப்படியான காரணம் இல்லாதவரை லைசென்ஸ் 'வழங்க வேண்டும்' என்கிறது. 12 போர் (குழல் அளவு) ஒற்றைக்குழலும் இரட்டைக்குழலும் இந்த வகை. ரைஃபிள் என்றால், உங்களுக்குத் தக்க காரணம் இருக்கிறது என்று அதிகாரி திருப்திப்பட்டால்தான். அதோடு, ரைஃபிளில் போடும் .315 தோட்டா குறி தப்பினால் உங்கள் வேலியோடு நிற்காது. அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அந்தப் பக்கத்து வீட்டையும் தாண்டிப் போகும். முற்றத்தில் நிற்கும் ஆளுக்கு ரைஃபிளும் தேவையில்லை, ஸ்கோப்பும் தேவையில்லை. நல்ல டார்ச் ஒன்று வாங்குங்கள். 0.177 அங்குலக் குழலும் 20 ஜூல் ஆற்றலும் தாண்டாத ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் அரிவாளோடு வருபவனை அது நிறுத்தாது.

சைலன்சரை மறந்துவிடுங்கள். சத்தத்தைக் குறைக்கும் கருவியையே சட்டம் துப்பாக்கி என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. சத்தம்தான் உங்களுக்கு உதவியும்கூட. வானத்தைப் பார்த்து ஒரு வெடி, பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். வீட்டுக்குள் திருப்ப வசதியாக இருக்கும் என்று பட்டறையில் கொடுத்துக் குழலை அறுத்துவிடவும் கூடாது. அதற்கான தண்டனை 7 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை போகும்.

இப்போது உங்கள் அப்பாவின் துப்பாக்கிக்கு வருகிறேன். நீங்கள் தேடும் சிக்கனமான வழி ஸ்டேஷன் அறையில்தான் கிடக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 25-ஆவது விதிப்படி, உரிமையாளருக்கு 70 வயது நிறைந்திருந்தாலோ 25 வருடம் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றித் தரலாம். அப்பாவுக்கு 76. அவரையும் லைசென்ஸ் புத்தகத்தையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், ஒப்படைத்த ரசீதைக் காட்டி விசாரியுங்கள். லைசென்ஸ் நடப்பில் இல்லை என்றால் புதுப்பிக்க மனுப் போடுங்கள். பிறகு உங்கள் பெயரில் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பம். போலீஸ் அறிக்கை, தாசில்தார் விசாரணை, மருத்துவச் சான்று, துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்று எல்லாம் வேண்டும். அலைச்சல்தான், பொறுமையாகச் செய்யுங்கள். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க முடியாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 18-ஆவது பிரிவில் மேல்முறையீடு உண்டு. அதுவரை அது அப்பாவின் துப்பாக்கி. அவர் லைசென்ஸை வைத்து நீங்கள் தொடக்கூடாது.

வந்த பிறகு துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். அப்புறம், கடலைக் காட்டைக் கிளறும் மயிலை நோக்கி ஒருநாளும் அது திரும்பக் கூடாது. வனவிலங்குச் சட்டத்தில் மாட்டினால் மீள்வது கஷ்டம்.

எப்போது சுடலாம் என்பதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வக்கீலான என்னிடம் வருபவர்கள் சிக்குவது அங்கேதான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பைப் பற்றியவை. சூரியன் மறைந்த பின் வீட்டை உடைத்து நுழைபவனிடமிருந்து காத்துக்கொள்ளும்போது அவன் உயிர் போனாலும் 41-ஆவது பிரிவு உங்கள் பக்கம் நிற்கும். அவன் வெளியேறி ஓடத் தொடங்கிவிட்டால் நிலைமை வேறு. தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது, போலீஸை அழைக்க அவகாசம் இருந்தால் அழைக்க வேண்டும் என்கிறது 37-ஆவது பிரிவு. தற்காப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையதுதான். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் நான் முதலில் தேடும் வரி, ரவை நெஞ்சில் நுழைந்ததா முதுகில் நுழைந்ததா என்பது. முதுகு என்றால் அந்த வழக்கை நடத்துவது மிகவும் சிரமம்.

அதனால் நாய் குரைத்ததுமே 112-ஐ அழையுங்கள். அழைத்த நேரம் பதிவாகும். கதவு உடைகிற சத்தம் கேட்டால் மனைவியையும் அப்பாவையும் உள் அறையில் விட்டுத் தாழிடுங்கள். வெளியே ஓடித் துரத்தாதீர்கள். சுட நேர்ந்துவிட்டால் காலித் தோட்டாவையோ உடைந்த தாழ்ப்பாளையோ தொடாதீர்கள். போலீஸ் வந்து மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பதிவு) எழுதும் வரை ரத்தத்தைக் கழுவவும் வேண்டாம்.