பல் சிகிச்சை: எதற்கு இன்றே ஓடணும், எது காத்திருக்கும்?

கே: டாக்டர், கடைவாய்ப் பல் ஒரு வாரம் உயிர் போக வலித்தது, இப்போது தானாகவே நின்றுவிட்டது. ரூட் கேனல் செய்யச் சொன்னார்கள். போனஸ் வந்ததும் செய்யலாமா?

ப: தள்ளிப் போடாதீர்கள். அப்படி வலித்துவிட்டுச் சட்டென்று நின்றால் பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்திருக்கும். அப்புறம் கிருமி வேர்நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். பணம்தான் பிரச்சினை என்றால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், இப்போதைக்குப் பல்லைத் திறந்து சுத்தம் செய்து மருந்து வைத்து அடைத்துவிட்டு மீதியைச் சில வாரம் கழித்துக்கூட முடிக்கலாம். சென்னைப் பக்கம் என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள்.

கே: கணவருக்குத் தாடைக்குக் கீழே வீக்கம், காய்ச்சலும் இருக்கிறது. மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தேன். திங்கட்கிழமை வரை பார்க்கலாமா?

ப: வேண்டாம்மா, இன்றே கூட்டிப் போங்கள். எச்சில் விழுங்க முடியவில்லை, வாய் திறக்க வரவில்லை, நாக்கை மேலே தள்ளுகிறது, மூச்சு வாங்குகிறது, இதில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக் தேடாமல் 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், ஏனென்றால் அந்த வீக்கம் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியது. சீழை வெளியே எடுக்காமல் மாத்திரை மட்டும் போட்டால் அடங்காது. சர்க்கரை இருந்தால் இன்னும் வேகமாகப் பரவும்.

கே: ஞானப்பல் படுத்த மாதிரி இருக்கிறதாம். வலி இல்லை. எடுத்தே ஆகணுமா?

ப: ஈறு வீக்கமோ பக்கத்துப் பல்லில் சொத்தையோ இல்லையென்றால் அவசரமே இல்லை. அவ்வப்போது காட்டிக்கொண்டிருங்கள், போதும்.

கே: நான் ஆசிரியை. பிள்ளைகள் விழுந்து முன்பல் முழுசாகக் கழன்று வந்தால்?

ப: நிலைப்பல் என்றால் நிமிடங்கள்தான் கணக்கு. வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து, மண் இருந்தால் லேசாக அலசி, குழியிலேயே திரும்ப வையுங்கள். பயமாக இருந்தால் பாலில் போட்டு அரைமணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேருங்கள். தேய்த்துக் கழுவவே கூடாது. பால்பல்லைத் திரும்ப வைப்பதில்லை.

கே: தை மாதம் கல்யாணம். பல் வெள்ளையாகணும், 2 சொத்தையும் இருக்கிறது. எது முதலில்?

ப: சொத்தை அடைப்பதும் கிளீனிங்கும் முதலில். வெள்ளையாக்குவது கடைசியில்தான்.

கே: அப்பா பாக்கு போடுவார். கன்னத்துக்குள் ஒரு மாதமாகப் புண், வலியே இல்லை என்கிறார்.

ப: வலியில்லாததால்தான் எனக்குக் கவலை. 2 வாரம் தாண்டியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, எதுவானாலும் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். தேவைப்பட்டால் சிறிது சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். அவர் தானாகப் போகமாட்டார், இந்த வாரமே நீங்கள் கூடவே போங்கள். பாக்கை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.