நுவரெலியாவில் காஷ்மீர் ஈப்பிடிப்பானை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா?

தாராளமாக முடியும். கண்டியிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி இரவுக்குள் வீடு திரும்பும் பயணமாகவே நான் இதைச் செய்து வருகிறேன். அதே நாளில் ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்கும் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பறவைதான் நோக்கமென்றால் அது வேண்டாம்; நகரத்தின் நடுவிலுள்ள விக்டோரியா பூங்காவிலேயே காலைப்பொழுது முழுவதையும் செலவிடுங்கள்.

காஷ்மீரையும் பீர் பஞ்சால் மலைகளையும் ஒட்டிய காடுகளில் கோடையில் கூடு கட்டும் இந்தப் பறவை, 13 சென்டிமீட்டர் நீளமே உள்ள உடலோடு இந்தியாவின் நெடுகிலும் பறந்து, குளிர்காலத்தைக் கழிக்க மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கும் எங்கள் இலங்கை மலையகத்துக்கும் வருகிறது. அது கூடு கட்டும் நிலப்பரப்பு மிகக் குறுகியது. அங்கே காடு குறையக் குறைய இதன் எண்ணிக்கையும் குறைகிறது. ஒக்டோபரில் வந்து மார்ச் முடிவதற்குள் புறப்பட்டுவிடும் என்பதால், நுவரெலியாவின் ஏப்ரல் வசந்த காலக் கொண்டாட்டத்தோடு பயணத்தைச் சேர்த்துக்கொள்ள நினைக்காதீர்கள். ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் வார நாட்களே என் தெரிவு.

பூங்காவில் பூப்பாத்திகளைத் தாண்டி, உதிர்ந்த இலை மண்டிக்கிடக்கும் ஓடைக்கரை நிழலுக்குப் போய் ஓரிடத்தில் அமர்ந்துவிடுங்கள். குளிர்காலத்தில் ஒவ்வொரு பறவையும் தனக்கென ஓர் எல்லையை வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே இரை தேடுவதால், நாம் அலைவதைவிடக் காத்திருப்பதே பலன் தரும். முதலில் 'டக்' என்ற கூரிய ஒலியோ, குறுகிய கரகரப்போ காதில் விழும். பிறகு தாழ்ந்த கிளையொன்றில் வந்தமர்ந்து வாலைத் தூக்கித் தூக்கி இறக்கும். அப்போது வாலின் அடியில் இருபக்கமும் வெள்ளை பளிச்சிடும். சட்டென்று தரைக்கு இறங்கிப் பூச்சியைக் கவ்விக்கொண்டு மறுபடி கிளைக்கு ஏறிவிடும். ஆண் பறவையின் தொண்டையில் தொடங்கும் செம்மஞ்சள் நிறம் நெஞ்சைக் கடந்து வயிறு வரை இறங்குவதையும், அதன் இரு ஓரங்களிலும் கரிய கோடு ஓடுவதையும் பார்த்துவிட்டால் அடையாளத்தில் ஐயமே இருக்காது. பெண் பறவை சாம்பல் கலந்த பழுப்பு நிறம். நெருங்கிய இனங்களோடு எளிதில் குழம்பிவிடும் என்பதால், படம் எடுத்து வைத்துக்கொண்டு ஆறுதலாக ஒப்பிடுவது நல்லது.

ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன்: கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் வேறொரு பறவை நுழைந்துவிட்டதென்று எண்ணி அது இரை தேடுவதை விட்டுவிட்டுப் பதறி அலையும். இமயமலை வரை திரும்பிப் பறப்பதற்கான கொழுப்பை உடலில் சேர்த்துக்கொள்ள வேண்டிய காலமல்லவா இது? பொறுமையாக உட்கார்ந்திருப்பவருக்கு அது தானாகவே சில அடி தூரத்தில் வந்து நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பிற்பகலில் பெரும்பாலும் பனிமூட்டமோ மழையோ வந்துவிடும். குடையும் தடித்த மேலங்கியும் கட்டாயம் வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே நிலையத்தில் விசாரித்து வையுங்கள். நேரம் இடம் கொடுத்தால் பூங்கா மூடும்வரை ஓடைப் பக்கமே இருங்கள். இமயமலையிலிருந்து வரும் மற்றொரு அரிய விருந்தாளியான கறுப்பு வெள்ளைப் பூங்குருவி, வெளிச்சம் மங்கும் அந்த வேளையில் புதருக்குள்ளிருந்து வெளியே வருவதுண்டு.