63 துணுக்குகள், பாட்டு ஒன்றுமில்லை

அன்புள்ள சார்,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 34. ஐந்து வருடமாகக் கிதார் வாசிக்கிறேன், எல்லாம் யூடியூப் பார்த்துக் கற்றதுதான். நீங்கள் கதை எழுதுவது போக, வீட்டிலேயே கிதாரைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து பாட்டுக் கட்டுவதாக ஒரு பேட்டியில் சொல்லியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

என் போனில் 63 துணுக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அரை நிமிடம், முக்கால் நிமிடம். தோன்றும்போதெல்லாம் வாசித்துப் பிடித்து வைத்தவை. ஒன்றுகூடப் பாட்டாகவில்லை. ஆறு மாதம் முன்பு ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும் (கிதாரையும் மைக்கையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) மைக்கும் வாங்கினேன். லேப்டாப்பில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு சாஃப்ட்வேரைப் போட்டேன். அதைத் திறந்தால் நல்ல டிரம்ஸ் சத்தம் தேடுவதிலேயே ராத்திரி போய்விடுகிறது. எட்டு பார் (நான்கு தட்டு ஒரு பார்) வரை வருகிறது, அப்புறம் அதே எட்டு பார் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. தாளம் தட்டும் மெட்ரோனோம் போட்டால் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது. ஹெட்போனில் நான் வாசிப்பது எனக்கே தாமதமாகக் கேட்கிறது (புளூடூத் ஹெட்போன்தான் வைத்திருக்கிறேன்). என் மனைவி, “இன்னுமா அதே பாட்டு?” என்கிறாள்.

இன்னும் நல்ல மைக்கும் விலை கூடிய சாஃப்ட்வேரும் வாங்கினால் சரியாகிவிடுமா? மூன்று துணுக்குகளை இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர், திருப்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

ஒன்றும் வாங்காதீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு, வயர் வைத்த ஹெட்போன். ஐநூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும். புளூடூத்தில் ஒலி காதுக்கு வரும் முன்பே பெரும்பாலும் நூறு மில்லிசெகண்டுக்கு மேல் போய்விடும். அதைக் கேட்டுக்கொண்டு யாராலும் தாளத்தோடு வாசிக்க முடியாது. நீங்கள் ஆறு மாதமாக அதோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறீர்கள்.

வயர் போட்ட பிறகும் கொஞ்சம் தாமதம் இருக்கும். ரீப்பரின் ஆடியோ செட்டிங்கில் பஃபர் அளவு, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளை (ஒலித் துணுக்கை) சேர்த்துக் கையாள்கிறது, என்று பாருங்கள். 1024 என்று இருந்தால், விநாடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் அது சுமார் 23 மில்லிசெகண்ட். காற்றில் ஒலி அந்த நேரத்துக்குள் எட்டு மீட்டர் போய்விடும். அதாவது உங்கள் மடியில் இருக்கும் கிதார் எட்டு மீட்டர் தள்ளி ஒலிப்பதுபோல் கேட்கும். உள்ளே போக ஒரு முறை, வெளியே வர ஒரு முறை என்று அது இரட்டிப்பாகவும் ஆகும். வாசிக்கும்போது 128-க்கு இறக்குங்கள், மூன்று மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும். எல்லாம் பதிவாகி, ஒலியைச் சீர்செய்யும் கட்டத்தில் மறுபடி 1024-க்கு ஏற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் லேப்டாப் திணறி டிக் டிக் என்று சத்தம் போடும். உங்கள் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு சுவிட்சோ குமிழோ இருந்தால் இந்தக் கணக்குகூட வேண்டாம். கம்ப்யூட்டருக்குள் போகாமலே ஒலி நேராகக் காதுக்கு வந்துவிடும்.

ரீப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம், அதற்கு மேல் தனி ஆளுக்கு 60 டாலர் உரிமம். உங்களுக்கு ஆறு மாதம் ஆகிவிட்டது, கட்டிவிடுங்கள். ஒரு காலத்தில் நாமெல்லாம் எம்பி3 கேட்க வைத்திருந்த வின்ஆம்ப்பை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல்தான் இதையும் எழுதியவர். வேறு எந்த சாஃப்ட்வேருக்கு மாறினாலும் இதே எட்டு பாரில்தான் நிற்பீர்கள். நான் மூன்று மாறிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிடிப்பது ஒரு வேலை, கட்டுவது இன்னொரு வேலை. நீங்கள் இரண்டையும் ஒரே ராத்திரியில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்யப் பார்க்கிறீர்கள். பிடிப்பதற்கு உங்கள் போனே தாராளம். ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் கிதார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் தன் அனுபவம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். காலையில் எழுந்து பார்த்தால் கட்டில் பக்கத்தில் வைத்திருந்த சின்ன கேசட் ரெக்கார்டரில் டேப் கடைசிவரை ஓடியிருந்ததாம். போட்டுக் கேட்டால் கொஞ்ச நேரம் கிதார், மீதி முழுக்கக் குறட்டை. 1965-இல் உலகம் முழுக்க ஓடிய ஒரு பாட்டு அந்தக் கிதாரிலிருந்து வந்தது.

போனில் பிடிக்கும்போது ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசிக்கும் முன் வாயால் சொல்லிவிடுங்கள்: “காப்போ மூன்றாவது ஃப்ரெட், ஜி ஷேப், மெதுவாக.” (காப்போ, கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கிளிப். ஃப்ரெட், கிதார்க் கழுத்தில் இருக்கும் கட்டு. ஷேப், விரல் பிடிக்கும் விதம்.) இதைச் சொல்லாமல் விட்டு, நானே வாசித்ததை நானே கண்டுபிடிக்க முடியாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறேன். கம்பி சுருதியை மாற்றி வைத்து வாசித்தது அது என்று பிறகுதான் புரிந்தது.

கட்டும் வேலைக்கு, நீங்கள் அனுப்பிய இரண்டாவது துணுக்கையே எடுத்துக்கொள்வோம். சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று நான்கு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு). ஒவ்வொன்றும் ஒரு பார். முதல் 15 விநாடியில் எத்தனை தட்டு என்று எண்ணினேன், 20 வந்தது. நான்கால் பெருக்கினால் நிமிடத்துக்கு 80. கடைசி 15 விநாடியில் 22 ஆகிவிடுகிறது. உற்சாகம் வந்தால் எல்லோர் கையும் ஓடத்தான் செய்யும். தனியாக வாசிக்கும்போது அது அழகுதான். அதன்மேல் இன்னொரு கிதாரை ஏற்றும்போதுதான் வம்பு. மெட்ரோனோம் கையைக் கட்டுகிறது என்றால், அந்த டொக் டொக் சத்தத்தை எடுத்துவிட்டு திரும்பத் திரும்ப ஓடும் எளிமையான டிரம் லூப் ஒன்றை 80-இல் ஓட விடுங்கள். எந்த டிரம்ஸ் என்று தேட வேண்டாம், கண்ணில் முதலில் படுவதே போதும். கடைசியில் அது பாட்டில் இருக்கப்போவதில்லை. தாளத்தில் நின்றுவிட்டால் வெட்டி ஒட்டுவதும் இடம் மாற்றுவதும் கோட்டுக்குக் கோடு பொருந்தும்.

80-இல் நான்கு தட்டு ஒரு பார் என்றால், ஒரு பாருக்குச் சரியாக மூன்று விநாடி. இப்போது கிதாரைத் தொடாமல் ரீப்பரில் காலியான நிலத்தை அளந்து கல் நடுங்கள். நான் நம் சினிமாப் பாட்டின் பழைய சட்டகத்தைத்தான் வைத்துக்கொள்கிறேன். முன்னிசை 4 பார், பல்லவி 8, இடையிசை 8, சரணம் 16, பல்லவி 8, இடையிசை 8, இரண்டாம் சரணம் 16, பல்லவியின் முதல் வரி 4. மொத்தம் 72 பார், மூன்று நிமிடம் 36 விநாடி. ஒவ்வொரு பகுதியையும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டும் ஆரும் அழுத்தினால் மேலே பட்டையாக விழும். அதில் பெயர் எழுதலாம். அப்புறம் முதல் பாரிலிருந்து 72-ஆம் பார் வரை நிற்காமல் வாசியுங்கள். தவறினாலும் நிற்கக் கூடாது, சரணத்துக்கு மெட்டே இல்லாவிட்டாலும் அதே நான்கு கார்டைத் தட்டிக்கொண்டு தாண்டுங்கள். கூடவே ‘தன்னானே’ போட்டுப் பாடுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டாம் இடையிசையில் உங்களுக்கே சலிப்புத் தட்டும் பாருங்கள், எட்டு பார் லூப்பை மாதக்கணக்கில் கேட்டாலும் அது தெரியாது. முழு நீளத்தில் ஓடினால்தான் எங்கே நீளம், எங்கே மாற்றம் வேண்டும் என்பது காதில் விழும்.

ட்ராக், அதாவது தனித்தனியாகப் பதிவாகும் ஒலி வரிசை, நான்கு. அதற்கு மேல் கிடையாது. அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூ ஜெர்சியில் தான் வாடகைக்கு இருந்த வீட்டின் படுக்கையறையில் பாடிப் பதிவு செய்தது டீயக் கம்பெனியின் நான்கு ட்ராக் கேசட் மிஷினில்தான். சாதாரண மைக் இரண்டு. கிதாரும் பாட்டும் இரண்டு ட்ராக், மிச்சம் இரண்டில் இன்னொரு கிதார், இன்னொரு குரல் என்று என்ன ஏற்ற முடியுமோ அது. இசைக்குழுவுக்குக் கேட்கக் கொடுப்பதற்காக எடுத்த மாதிரிப் பதிவுதான் அது. அந்தக் கேசட்டைப் பெட்டிகூட இல்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். பிறகு நியூயார்க்கில் பெரிய ஸ்டூடியோவில் குழுவோடு வாசித்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக வந்தது. உங்கள் லேப்டாப்பில் நூறு ட்ராக் போடலாம். அதனால்தான் உங்களுக்கு ராத்திரி போதவில்லை.

நான்கில் இரண்டை உங்கள் கிதாரும் குரலும் எடுத்துக்கொள்ளும். மூன்றாவதாக இன்னொரு கிதார் வைப்பீர்கள். இங்கேதான் எல்லோரும் தவறுகிறோம். முதல் கிதார் எங்கே சி, ஜி பிடித்ததோ அங்கேயே இரண்டாவதும் பிடித்தால் குழம்பும் குழம்பும் கலந்த மாதிரி ஆகிவிடும். ஐந்தாவது ஃப்ரெட்டில் காப்போ போட்டு ஜி, டி, ஈ மைனர், சி ஷேப்களைப் பிடியுங்கள். ஒலிப்பது அதே சி, ஜி, ஏ மைனர், எஃப்தான், ஆனால் மேலே ஓர் அடுக்கில் மணிபோலக் கேட்கும். முதல் கிதாரை இடப்பக்கம் தள்ளி, இதை வலப்பக்கம் தள்ளினால் நடுவில் குரலுக்கு இடம் கிடைக்கும். சோம்பல்பட்டு முதல் கிதாரையே காப்பி எடுத்து வலப்பக்கம் வைக்காதீர்கள். ஒன்றையே இரண்டு காதிலும் வைத்தால் சத்தம் கூடுமே தவிர அகலம் வராது. இரண்டு முறை வாசித்ததில் இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசம்தான் அகலம். நான்காவது ட்ராக்கை நான் சொல்ல மாட்டேன். பல பாட்டுக்கு அது தேவைப்படுவதேயில்லை.

இடையிசையில் இன்னும் எதையாவது சேர்க்கத் தோன்றும். அதற்குப் பதிலாகச் சரணத்தில் ஒரு கிதாரை நிறுத்திப் பாருங்கள். திரும்பப் பல்லவிக்கு வரும்போது அதுவே புதிதாக வந்து நிற்கும்.

மைக்கைக் கிதாரின் வாய்க்கு நேராக வைக்காதீர்கள், பானைக்குள் பேசுவதுபோல் கும்மென்று வரும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டைப் பார்த்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஃபேனை அணைக்கத்தான் வேண்டும், திருப்பூர் வெயிலில் அது தண்டனைதான், வேறு வழியில்லை. பீரோவைத் திறந்து புடவை, வேட்டி அடுக்குக்கு முன்னால் உட்கார்ந்தால் அறையின் எதிரொலி அடங்கும். இரும்பு பீரோ என்றால் கதவிடுக்கில் ஒரு துணியைச் செருகிவிடுங்கள். என் வீட்டில் ஐந்தாவது கம்பியைத் தட்டினால் மட்டும் எங்கோ கிர்ரென்று ஒரு சத்தம் வரும். கிதாரில்தான் கோளாறு என்று கடைக்குத் தூக்கிப் போய் கம்பியெல்லாம் மாற்றினேன். அந்த சுருதிக்கு அதிர்ந்துகொண்டிருந்தது பீரோக் கதவு. சத்த அளவு சிவப்பைத் தொட வேண்டாம், பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். பிறகு ஏற்றிக்கொள்ளலாம், உடைந்த ஒலியை ஒட்டவைக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு, நான் பட்டு அறிந்தது. ரீப்பரின் ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் உங்கள் பாட்டு இல்லை. எந்த ஆடியோ எங்கே இருக்கிறது என்ற விலாசம் மட்டும்தான் இருக்கிறது. இது தெரியாமல் ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு லேப்டாப்பை ஃபார்மட் செய்யக் கொடுத்தேன். திரும்ப வந்து திறந்தால் வெட்டிய இடம், ஒட்டிய இடம், பகுதிகளின் பெயர் எல்லாம் அப்படியே இருந்தன, ஒலி மட்டும் இல்லை. ஏழு பாட்டு. சேமிக்கும்போது ‘சேவ் ஆஸ்’ பெட்டியில், ஆடியோவையும் அதே ஃபோல்டருக்குக் காப்பி எடுக்கச் சொல்லும் கட்டத்தை டிக் செய்துவிடுங்கள். அந்த ஃபோல்டரை முழுசாக இன்னொரு இடத்திலும் வையுங்கள்.

மற்ற 62 துணுக்குகளை இப்போதைக்குத் திறக்காதீர்கள். இரண்டாவது துணுக்கை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், அதன் இரண்டாம் சுற்றில், 22-ஆவது விநாடியில் எஃப் பிடிக்கும்போது உங்கள் விரல் சறுக்கி முதல் கம்பி திறந்தே ஒலிக்கிறது. அப்போது அது எஃப் இல்லை, எஃப் மேஜர் செவன். அதுவரை தெரிந்த ஊரில் போய்க்கொண்டிருந்த மெட்டு அந்த இடத்தில் ஒரு நொடி தயங்குகிறது. அடுத்த சுற்றில் சுதாரித்துக்கொண்டு சரியான எஃப்பைப் பிடித்துவிட்டீர்கள். பல்லவிக்கு அந்தச் சறுக்கிய எஃப்பையே வைத்துக்கொண்டு, சரியானதைச் சரணத்தில் போடுங்கள்.

முடித்ததும் அனுப்புங்கள், கேட்கிறேன். 38-ஆவது விநாடியில் வரும் குக்கர் விசில் மட்டும் யார் வீட்டுடையது என்று எழுதுங்கள். அடுத்த கார்டு என்னவோ, சரியாக அந்த சுருதியில் விழுகிறது.